ஓசித் தம்மும் ஒரு மண்டல விரதமும்

என் சேக்காளிகளில் ஒருவன்கூட முதல் சிகரெட்டைக் காசு கொடுத்து வாங்கியவன் கிடையாது. யாரோ கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பா மகன், ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியர், கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்த அண்ணன், கபடி டீம் கேப்டன். முதல் பீரும் அப்படித்தான். "இதெல்லாம் சரக்கே இல்லடா, பார்லித் தண்ணி, சும்மா ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று யாராவது டம்ளரை நீட்டியிருப்பார்கள். நீட்டிய பிறகு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். இளவட்டங்கள் ஏன் புகைக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்டால் டென்ஷன் என்கிறார்கள், சினிமா என்கிறார்கள், வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் விஷயம் அந்த நீட்டிய கையில் இருக்கிறது. விட்டவர்கள் கதையைக் கேட்டாலும் அந்தக் கை எங்காவது வந்துவிடும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு வசதி உண்டு. நான் இரண்டையும் தொடாதவன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்தே வீசிங். பத்தாம் வகுப்பு லீவில் மொட்டைமாடியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தே விடிந்தது. அதோடு சரி. பீர் கசந்தது, அவ்வளவுதான். அப்புறம் எங்கள் செட்டில் லைசென்ஸும் நிதானமும் சேர்ந்து இருந்தது என் ஒருவனிடம் மட்டும் என்பதால் பைக் சாவி தானாக என் கைக்கு வந்தது. எந்த செட்டிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். சைடிஷில் முக்கால்வாசியை அவன்தான் காலி செய்வான். பில்லைச் சமமாகப் பிரிக்கும்போது முறைப்பான். பத்து மணிக்கு மேல் பழைய காதலிக்கு போன் போட முயல்கிறவனிடமிருந்து செல்லைப் பிடுங்கி வைப்பான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், யார் எப்போது ஆரம்பித்தான், யார் எப்படி விட்டான், யார் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி ஊர். மலிவு லைட்டர்களால் தொழில் படுத்துவிட்டது என்று மனு மேல் மனு போய், 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டபோது இங்கே அதுதான் பெரிய நல்ல சேதி. ஊரான் பற்றவைத்தால்தான் எங்களில் பல வீடுகளில் அடுப்பு பற்றும். இதையும் வைத்துக்கொண்டு புகைக்கு எதிராக எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான்.

காலேஜ் பக்கத்துப் பெட்டிக்கடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் நிறையப் புரியும். முன்னால் மிட்டாய் பாட்டில்கள், அதற்கு மேல் சரம் சரமாக ஷாம்பு பாக்கெட். ஓரத்தில் ஒரு லைட்டர், யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் கயிற்றில் கட்டித் தொங்கும். லைட்டர் வருவதற்கு முன்பு அந்த இடத்தில் சின்ன விளக்கு எரியும். பக்கத்தில் டப்பாவில் சிகரெட் அட்டையை நீளநீளமாகக் கிழித்து வைத்திருப்பார்கள். ஒரு துண்டை எடுத்து விளக்கில் காட்டிப் பற்றவைத்துக்கொள்ள வேண்டியது. மேலே ஒரு தகரப் பலகை, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பது குற்றம் என்று. 2003-ஆம் வருடச் சட்டம் அது. பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடையே இருக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் கடைக்கும் கல்லூரி கேட்டுக்கும் இடையில் ஒரு புளியமரம்தான் இருந்தது.

"அண்ணே, ஒரு ஃபில்டர்." அவ்வளவுதான் வியாபாரம். கடைக்காரர் பாக்கெட்டைத் திறந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். பாக்கெட் அவரிடமே இருக்கும். இங்கேதான் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். 2016-லிருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். தொண்டையில் ஓட்டை, அழுகிய வாய் என்று பார்க்கவே குலை நடுங்கும். 2018 செப்டம்பரிலிருந்து, விட நினைப்பவர்கள் கூப்பிட 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அதிலேயே இருக்கிறது. உதிரியாக ஒன்று வாங்குகிற பையன் இது எதையும் பார்ப்பதில்லை. அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது கடைக்கார அண்ணன் மட்டும்தான். அவர் பீடி குடிப்பவர்.

பாக்கெட் வாங்கக் காசில்லாதவனிடமும் ஒன்று வாங்கக் காசிருக்கும். அதுவும் இல்லாதவனுக்குப் பாதி கிடைக்கும். "மச்சான், ரெண்டு பஃப் விடு" என்றால் மறுப்பவன் கஞ்சன். இப்படி ஒரு சிகரெட்டை மூன்று பேர் வட்டமாக நின்று இழுப்பார்கள். அந்த வட்டத்தில் நிற்பதற்குத்தான் முதலாம் ஆண்டுப் பையன் ஏங்குகிறான். ஊர்விட்டு ஊர் வந்திருப்பான். தமிழ் மீடியம். வகுப்பில் ஒன்றும் புரியாது. கேன்டீனில் யாரோடு உட்காருவது என்று தெரியாது. ராகிங்கில் நேற்று அதட்டிய சீனியர் இன்று "வாடா" என்று தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனால், அந்தக் கையில் இருப்பது சிகரெட்டாக இருந்தால் என்ன, வேப்பங்குச்சியாக இருந்தால் என்ன?

முதல் சிகரெட் யாருக்கும் பிடிப்பதில்லை. இருமல், கண்ணில் தண்ணீர், தலைசுற்றல். சிலர் வாந்தியே எடுப்பார்கள். ஆட்களுக்காக அதைச் சகித்துக்கொள்கிறார்கள். சகித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேறு வேலை நடக்கிறது. இழுத்த புகையின் நிக்கோட்டின் பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அது பாதியாகக் குறையும். கல்லூரியில் இரண்டு பீரியட் என்பது கிட்டத்தட்ட அதே நேரம்தான். பெல் அடித்ததும் கடைக்கு ஓடுகிறவனைக் கேட்டால் "ஒரே டென்ஷன்டா, ஒண்ணு போட்டாத்தான் மண்டை வேலை செய்யும்" என்பான். அந்த டென்ஷனில் பெரும்பகுதி போன சிகரெட் விட்டுப்போனது. அடுத்தது வந்து அதைத் தணிக்கும். இது அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த நேரத்தில் உதவாது.

வீட்டுக்குப் போகும்போது ஒரு சடங்கு உண்டு. ஹால்ஸ், இல்லாவிட்டால் கொய்யா இலை. விரல் நாற்றத்துக்கு வேப்பிலையைக் கசக்கித் தேய்ப்பார்கள். அத்தனையும் செய்துவிட்டுப் போனால் அம்மாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். கொய்யா மரமே இல்லாத தெருவில் மகன் வாயில் கொய்யா வாசம் எப்படி வரும்?

குடி இப்படித் தினசரி வட்டத்தில் வருவதில்லை. அதற்கு ஒரு சாக்கு வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட், ஐ.வி. என்று பாண்டிச்சேரிக்குப் போகும் காலேஜ் டூர், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, தீபாவளி. அப்புறம் சாவு வீடு. எங்கள் பக்கம் பாடை தூக்கவும் ராத்திரி காவல் இருக்கவும் இளவட்டங்கள்தான். அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது மரியாதை மாதிரி ஆகிவிட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அப்பா மொடாக் குடிகாரர். அவரை நடுத்தெருவில் இருந்து தூக்கிவந்து போடுவதே இவன் வேலை. செத்தாலும் தொடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நாங்களும் நம்பினோம். குடல் வெந்து அப்பா போனார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து தலைமழித்த கோலத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் தாய்மாமன் ஒரு டம்ளரைக் கொடுத்து, "குடி மாப்ள, இனி நீதான் வீட்டுக்குப் பெரிய மனுசன், கவலைய மற" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் டம்ளரைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான், வாங்கிக்கொண்டான். மாமன் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நான் பார்த்த முதல் குடி எதுவும் 21-க்குப் பிறகு நடக்கவில்லை. எங்கள் அப்பா தலைமுறைக்குக் கள்ளுக்கடை, சாராயக்கடை, மதுவிலக்கு என்று மாறி மாறிப் பார்த்த அனுபவம் உண்டு. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971-இல் கலைஞர் அதைத் தளர்த்தினார், சில வருடத்திலேயே மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 1983-இல் மொத்த வியாபாரத்துக்கு என்று வந்த டாஸ்மாக், 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையும் நடத்த ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ரேஷன் கடை மாதிரி இன்னொரு அரசாங்கக் கடை. "டாஸ்மாக் தாண்டி லெஃப்ட்ல திரும்பு" என்றுதான் வழி சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டாலும் அதேதான்.

கட்டிங் என்று ஒன்று இருக்கிறது. குவார்ட்டர் 180 மில்லி. முழுசாக வாங்கக் காசில்லாத இருவர், ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாதவர்கள், கடை வாசலில் நின்று "கட்டிங் போடலாமாண்ணே?" என்று சேர்ந்துகொள்வார்கள். பாட்டிலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் டம்ளரில் சமமாக ஊற்றுகிற அந்தக் கவனத்தைப் பார்க்க வேண்டும், நகைக்கடை தராசு தோற்றுப்போகும். பெயர்கூடக் கேட்காமல் குடித்துவிட்டுப் பிரிந்து போவார்கள். இப்படி முகம் தெரியாத ஆளோடு பாதியைப் பங்கு போடும் நிலை வருவதற்குப் பல வருடம் ஆகும். இருபது வயதில் யாரும் அந்த வாசலுக்கு வருவதில்லை. இருபது வயதில் நண்பர்கள் இருக்கிறார்கள்.

"எல்லாரும் அடிக்கிறாங்க" என்பது அந்த வயதில் அசைக்க முடியாத நம்பிக்கை. தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21-இல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் 25.4 சதவீதம் என்கிறது. புகையிலை ஏதாவது ஒரு வடிவில் பயன்படுத்துகிறவர்கள் 20.1 சதவீதம். கணக்குக் கேட்கும்போது கொஞ்சம் பேர் மறைத்திருப்பார்கள், சரி, கூட்டியே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாலில் இரண்டுக்கு மேல் குடிக்காதவன்தான். ஆனால் குடிக்காதவன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறான். அவனைப் பார்க்க முடியாது. பாரில் உட்கார்ந்து பார்த்தால் உலகமே குடிப்பதாகத்தான் தெரியும். என்னைப் போல ஓசி நிலக்கடலைக்கு உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் குடிக்கும் பெண்கள் 0.3 சதவீதம். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டு டீக்கடையில் ஒரு பெண் சிகரெட்டோடு நின்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கிற பத்துப் பேர் கையிலும் சிகரெட் இருக்கும். நுரையீரலுக்கு ஆண் பெண் வித்தியாசம் கிடையாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

சரி, விட்டவர்களைப் பார்ப்போம். தியேட்டரில் படத்துக்கு முன்னால் போடும் விளம்பரத்தைப் பார்த்து விட்டேன் என்று சொன்ன ஒரு ஆளையும் நான் சந்தித்ததில்லை. குட்கா போட்டு 24 வயதில் வாய்ப் புற்றுநோயில் இறந்துபோன ஒரு இளைஞன் தன் பெயரைச் சொல்லிப் பேசுவதாக ஒன்று வருமே, அதைக் கூட்டமே சேர்ந்து மிமிக்ரி செய்து சிரித்தது. பயத்தைச் சிரித்துத் தள்ளுகிற வயது. புற்றுநோய் என்பது ஐம்பது வயதில் வேறு யாருக்கோ வருகிற ஒன்று.

என் ஆட்கள் விட்ட காரணங்கள் இவ்வளவு பெரிதாக இருக்காது. ஒருவனுக்குக் கல்யாணமாகி, மனைவிக்கு மசக்கை; சிகரெட் வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு ஓடினாள். இன்னொருவன் குவைத்துக்குப் போனான். அங்கே மது கிடையாது, காண்ட்ராக்ட் முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். லீவில் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியவன் நேரே வீட்டுக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவன் மாமனார் வீட்டு மாடிக்குக் குடிபோனான். ஒருவனுக்கு ஜிம் பைத்தியம் பிடித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிய ஒருவன், 10,000 ரூபாய் அபராதம் கட்டிய கோபத்தில் நிறுத்தினான். மகள் எல்.கே.ஜி.யில் அப்பாவைப் போல நடித்துக்காட்டு என்றதற்கு இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாளாம், அதில் ஒருவன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இது: ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று எங்கள் டீக்கடையை இடித்துவிட்டார்கள். கூடும் இடம் போயிற்று. ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதில் மூன்று பேர் சிகரெட்டையே விட்டிருந்தார்கள். யாரும் முடிவெடுத்து விடவில்லை. நின்று பேச இடமில்லை, நீட்ட ஆளில்லை, தேய்ந்துபோய்விட்டது.

இந்த விஷயத்தில் நம் ஊரில் வருடா வருடம் ஒரு பெரிய பரிசோதனை நடக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி விடிந்தால் ஆயிரக்கணக்கான ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்கிறார்கள். தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவன், சாயங்காலமானால் கால் தானாக டாஸ்மாக் பக்கம் போகிறவன், அத்தனை பேரும் ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, கவுன்சிலிங் இல்லை. கேரளத்தில் 41 நாள் கணக்கு, நம்மவர்கள் ஒரு மண்டலம் என்று 48 சொல்வார்கள். இப்போதெல்லாம் ஒரு வார மாலை, மலை ஏறுவதற்கு முந்தின நாள் மாலை என்று அவசரக்காரர்களும் உண்டு, அவர்களை விடுங்கள். முழுசாக இருக்கிறவனைப் பாருங்கள். "என்னால விடவே முடியலடா" என்று போன மாதம் அழுதவன்தான் அவன்.

எப்படி முடிகிறது? பக்தி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். பக்தி உண்டுதான். பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு வேறு சிலவும் தெரியும். மாலை போட்டதும் அவன் பெயர் போய்விடுகிறது. சின்னப் பிள்ளை முதல் பெற்ற தாய் வரை அவனைச் சாமி என்கிறார்கள். டீக்கடையில் கிளாஸைத் தனியாகக் கழுவி "சாமிக்கு ஒரு டீ" என்று வருகிறது. அவன் வருவதைப் பார்த்தால் தம்மடிக்கிறவர்கள் கையைப் பின்னால் மறைக்கிறார்கள், சிலர் போட்டு மிதித்தே விடுகிறார்கள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மச்சான்" என்று ஒரு வாய் கேட்காது. எவ்வளவு பெரிய போக்கிரியும் மாலை போட்டவனிடம் டம்ளரை நீட்டமாட்டான். அடுத்தது நேரம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகி, விளக்கேற்றி, சரணம் சொல்லி, பஜனை முடிந்து சுண்டல் வாங்கிக் கிளம்ப எட்டரை. வழக்கமாக மனம் அலைகிற அந்த இரண்டரை மணி நேரம் அப்படியே நிரம்பிவிடுகிறது. கூடவே ஒரு செட்டும் கிடைத்துவிடுகிறது, குருசாமி தலைமையில். பழைய செட்டில் கிடைத்த கேலி, கிண்டல், சாப்பாடு, ஊர்வம்பு எல்லாம் அங்கேயும் உண்டு.

மாலை கழற்றிய அன்று சாயங்காலம் போன் வருகிறது. "என்ன சாமி, கழட்டியாச்சா?"

நான் யோசித்து யோசித்துப் பார்த்த இடம் இதுதான். சிகரெட்டை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு படாதபாடு படுத்தும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காது. இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரத்துக்குள் அந்த வேதனை பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் மண்டலம் முடித்தவன் உடம்பில் கேட்பதற்கு அதிகம் மிச்சமில்லை. கஷ்டமான பகுதியை அவன் தாண்டியாகிவிட்டது. அப்புறம் ஏன் அன்றைக்கே பற்றவைக்கிறான்? மாலையோடு சாமிப் பட்டமும் போய்விட்டது. ஆறிலிருந்து எட்டரை மறுபடி வெறுமையாகிவிட்டது. கை மறுபடி நீளுகிறது. விரதத்தில் அவனுக்குக் கிடைத்த வேலி முழுவதும் ஊர் போட்டது. ஊர் அதை ஒரே நாளில் பிடுங்கிவிடுகிறது. அவனுடைய மன உறுதியைக் குறை சொல்லி என்ன செய்ய?

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சிகரெட்டை எந்த நாளிலும் சட்டென்று நிறுத்தலாம். தினமும் நிறையக் குடிப்பவர்கள், காலையில் ஊற்றாவிட்டால் கை நடுங்குகிறவர்கள், குடியை அப்படி ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. எனக்குச் சித்தப்பா முறை ஒருவர், பல வருடக் குடி, ஒரு கார்த்திகையில் வைராக்கியமாக மாலை போட்டுவிட்டார். மறுநாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூரான் ஊர்கிறது என்று வேட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன தாத்தாவோடு பேசினார். வீட்டில் சாமி குத்தம் என்று திருநீறு போட்டு, குருசாமியைக் கூப்பிட்டு, என்ன தீட்டுப் பட்டதோ என்று விசாரணை நடந்தது. வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். குடியை நிறுத்திய இரண்டு முதல் நாலு நாளுக்குள் இப்படி வரும், உயிரே போகலாம் என்று டாக்டர் சொன்னார். இதற்கு மாத்திரை இருக்கிறது, பி1 வைட்டமின் ஊசி இருக்கிறது, சில நாள் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே நடக்கிறது. குடிகாரக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் தொடங்கிய இடம் அது. சித்தப்பா பிழைத்தார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு மாலை போட்டார்.

சிகரெட்டுக்கும் உதவி உண்டு. மெடிக்கலில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. நம்மவர்கள் அதைப் பபுள்கம் மாதிரி மென்று தள்ளிவிட்டு, தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, இது சரிப்படாது என்பார்கள். சுருக்கென்று காரம் ஏறும்வரை மெல்ல மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும்; காரம் குறைந்தால் மறுபடி மெல்ல வேண்டும். டீயோ காபியோ குடித்தவுடன் போட்டால் சரியாக ஏறாது. டீ குடித்தவுடன் தம் என்று பழகிய நாட்டில் இது ஒன்றே போதும் முயற்சி கெட்டுப்போக.

பயமுறுத்தலைவிட ஒரு நல்ல சேதி இளைஞர்களிடம் எடுபடும் என்று நினைத்து, என் ஆபீஸ் தம்பி ஒருவனிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 1951-இல் தொடங்கி ஐம்பது வருடம் ஆண் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகச் செத்தார்கள். முப்பது வயதுவாக்கில் விட்டவர்களுக்கு அந்தப் பத்து வருடமும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பக் கிடைத்தது. தம்பிக்கு 26. ஆர்வமாகக் கேட்டான். "அப்ப இன்னும் நாலு வருஷம் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனான்.

அவன் எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். ஐ.டி. ஆபீஸில் தம் பிரேக்தான் உண்மையான மீட்டிங். யாருக்கு ஆன்சைட், எந்த ப்ராஜெக்ட் ஊத்திக்கொள்ளப் போகிறது, மேனேஜருக்கு யார்மேல் காண்டு எல்லாம் கேட்டுக்கு வெளியே டீக்கடையில்தான் பேசப்படும். புகைக்காதவன் சீட்டில் உட்கார்ந்து மெயிலுக்குக் காத்திருப்பான். நான் ஒரு லெமன் டீயை வாங்கிக்கொண்டு புகைக்கு எதிர்ப்பக்கமாகக் காற்று பார்த்து நின்றுகொள்வேன். வீசிங்காரன் செய்யக் கூடாத வேலை. வேறு வழி தெரியவில்லை.

கடைகளை மூடுவதைப் பற்றியும் கேட்பார்கள். 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் டவரில் ஏறிப் போராடும்போது உயிரை விட்டார். 2016-இல் 500 கடை, 2017-இல் 500, 2023-இல் 500 என்று மூடினார்கள். முற்றிய குடிகாரன் அதற்காகக் குடியை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஊர் கடைக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பான். ஆனால் இன்னும் ஆரம்பிக்காத பையனுக்குத் தூரம் ஒரு பொருட்டுதான். பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருக்கும் கடையும் இரண்டு மைல் தள்ளி இருக்கும் கடையும் அவனுக்கு ஒன்றில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தள்ளிப்போகச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பல கடைகள் ஊருக்குள் நுழையப் பார்த்தன. பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். யாருக்காக மறித்தார்கள் என்று பாருங்கள். புருஷன் கதை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகத்தான்.

அக்கா மகன் இந்த வருடம் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். விட்டுவிட்டு வரப் போனபோது, அக்கா நாலு தடவை கண்ணைக் காட்டியதால், ஹாஸ்டல் வாசலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு என் அனுபவத்தில் உருப்படியான ஒன்றைச் சொன்னேன். "மாப்ள, பார்ட்டிக்குப் போகாதன்னு சொல்ல மாட்டேன். போனா முதல் வேலையா ஒரு டம்ளர்ல செவன்அப்ப ஊத்திக் கையில வச்சுக்கோ. காலியா விடாத. கையில ஒண்ணு இருந்தா எவனும் நீட்ட மாட்டான். டீக்கடையில நின்னாலும் அதே மாதிரி, கையில டீ கிளாஸ் இருக்கணும்." எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இத்தனை வருடம் ஓசிக் கடலை தின்று சேர்த்த ஞானம் அல்லவா!

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, நீங்க இன்னும் சிகரெட்லயே இருக்கீங்க. இப்ப எல்லாம் கூல் லிப்தான்."

எனக்குப் பெயர் மட்டும் தெரியும். சின்னப் பொட்டலமாகக் கட்டிய புகையிலை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொள்வது. தமிழ்நாட்டில் விற்கத் தடை இருக்கிறது. பள்ளி மாணவர்களிடம் இது பரவுவதைப் பற்றி 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கவலைப்பட்டுக் கேள்வி கேட்டது. புகை இல்லை, வாடை இல்லை, தீப்பெட்டி வேண்டாம். கூடி நிற்க டீக்கடைகூடத் தேவையில்லை. வட்டம், நீட்டுகிற கை என்று நான் பேசிய பேச்செல்லாம் அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியவில்லை.

"அதை எங்கடா வச்சுப் போடுவானுங்க?" என்றேன்.

"ஸ்கூல்லயே மாமா, கிளாஸ் நடக்கும்போதே. சார் எழுப்பிக் கேள்வி கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டானுங்க. பதில் தெரியலைன்னு நெனச்சு அவரும் உக்காரச் சொல்லிருவாரு."